சப்பாத்து முதலில், களிசான் பிறகு: கிழக்குக் கரை வெயிலுக்கு ஸ்கேட்போட் உடுப்பு

ஸ்கேட்போட் உடுப்பு வாங்கப் போகிறவர் கடைப்படி ஏறுமுன் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். சில்லுப் பூட்டிய பலகையில் ஏறி ஓடப் போகிறோமா, அல்லது அந்த அகலக் களிசானையும் தட்டைச் சப்பாத்தையும் பிடித்துப்போய் அணியப் போகிறோமா? இரண்டும் நல்ல காரணம்தான். ஆனால் இரண்டுக்கும் வாங்க வேண்டிய பொருள் வேறு. கல்முனையிலும் மட்டக்களப்பு நகரத்திலும் இரண்டு வகையும் ஒரே தட்டில் அருகருகே இருக்கும். எட்டி நின்று பார்த்தால் வேறுபாடு தெரியாது. அடியின் றப்பர், மேற்தோல், துணியின் எடை, தையல் வரிசை ஆகிய நான்கில்தான் வேறுபாடு. காசு வீணாவதும் அந்த நான்கில்தான்.

இந்த உடுப்பை யாரும் மேசையில் உட்கார்ந்து நாகரிகத்துக்காக வரைந்து எடுக்கவில்லை. 1950களில் கலிபோர்னியாவில் அலை எழாத நாட்களில் கடற்சறுக்கர்கள் பலகைக்குச் சில்லுப் பூட்டித் தெருவில் ஓட்டினார்கள். அறுகம்பேயில் அலை பார்த்துக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமையின்மை நன்றாகவே விளங்கும். 1966 மார்ச் 16 அன்று அனஹைம் நகரில் போல் வான் டோரனும் பங்காளிகளும் ஒரு றப்பர் சப்பாத்துக் கூடம் திறந்தார்கள். அதுதான் இன்றைய வான்ஸ். அதன் தடித்த, ஒட்டும் தன்மையுள்ள அடி பலகையை விடாமல் பிடித்ததால் ஓட்டுபவர்கள் தாமாகத் தேடி வந்தார்கள். 1976இல் டோனி அல்வா, ஸ்டேசி பெரால்டா என்ற இரு ஓட்டுநர்களின் யோசனைப்படி கணுக்கால் விளிம்பில் பஞ்சு வைத்த ஏரா என்ற சப்பாத்து வந்தது. 1977இல் ஓல்ட் ஸ்கூல் வந்தபோது நுனியிலும் குதியிலும் தோல் ஏறியது. கன்வஸ் கிழிந்தது அங்கேதான். பக்கத்தில் ஓடும் வெள்ளைக் கோடு அலங்காரம் மட்டுமே. எல்லோரும் கோட்டைப் பார்த்து வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது தோலை. 1978இல் கணுக்காலை மூடும் உயரச் சப்பாத்து வந்தது. ஸ்டீவ் கபல்லேரோ என்ற ஓட்டுநரின் பெயரில் 1989இல் வந்த உயரச் சப்பாத்தைப் பலர் கத்தரிக்கோலால் பாதி உயரத்துக்கு வெட்டி ஓட்டினார்கள். அதைக் கண்டு நிறுவனமே 1992இல் அரை உயரத்தில் செய்து கொடுத்தது.

தேய்ந்த இடத்தில் தோல், அடிபட்ட இடத்தில் பஞ்சு, இடைஞ்சலான இடத்தில் வெட்டு. இதுதான் இந்த உடுப்பின் கணக்கு. கலிபோர்னியாவில் தேய்த்ததும் இங்கே தேய்ப்பதும் முழுக்க ஒன்றல்ல. இங்கே வியர்வை, உப்புக் காற்று, கடற்கரை மணல், ஐப்பசியில் தொடங்கித் தை வரை இழுக்கும் மழை ஆகிய நான்கும் சேர்கின்றன. அதனால் அங்கிருந்து வந்ததில் சிலதை அப்படியே எடுக்கலாம், சிலதை இங்குள்ள துணியில் தைத்துக்கொள்ளலாம், சிலதை விட்டுவிடலாம்.

சப்பாத்து: கன்வஸா, ஸ்வேட்டா, தடித்த அடியா

பலகை ஓட்டுபவருக்குப் பெரும் செலவு சப்பாத்துத்தான். ஒல்லி என்ற அடிப்படைத் தாவலில் பின்கால் பலகையின் வாலை நிலத்தில் அடிக்கும். அதே நேரம் முன்காலின் வெளிப்பக்கம் பலகை மேல் உரசி முன்னே இழுபடும். பலகையின் மேல் ஒட்டியிருக்கும் கிரிப் டேப், சிலிக்கன் காபைட் மணிகள் பதித்த உப்புத்தாள்தான். பெரும்பாலும் 80 இலக்கம். அதாவது ஒவ்வொரு ஒல்லியும் சப்பாத்தை உப்புத்தாளால் ஒருமுறை தேய்ப்பது. இடதுகாலை முன்னே வைப்பவருக்கு இடது சப்பாத்தின் சின்னவிரல் பக்கம் முதலில் ஓட்டையாகும். அதன் மேலே கீழிருந்து இரண்டாம், மூன்றாம் துளையில் கயிறு அறும். மற்றச் சப்பாத்து புதிதுபோலவே இருக்கும்.

கன்வஸ் நெய்த துணி. ஒரு இழை அறுந்தால் பக்கத்து இழைகளும் தளர்ந்துவிடும், ஓட்டை தானாக அகலும். ஸ்வேட் என்பது மயிர்போல உரசி எடுத்த தோல். அது நெய்ததல்ல, தோலின் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் மேலிருந்து மெல்ல மெல்லத் தேயுமே தவிரச் சட்டென்று கிழியாது. நாளுக்கு ஒரு மணி நேரம் ஒல்லி பழகுபவரிடம் கன்வஸ் இரண்டு மூன்று வாரத்தில் ஓட்டையாகிவிடும்; நல்ல ஸ்வேட் இரண்டு மூன்று மாதம் வரும். ஆகவே விலையை அப்படியே ஒப்பிடக் கூடாது. விலையை வாரங்களால் வகுத்துப் பாருங்கள். ஸ்வேட் சோடி கன்வஸின் மூன்று மடங்கு விலை என்றாலும் ஓட்டுபவருக்கு அதுதான் மலிவு.

ஓட்டாமல் அணிபவருக்கு இதே கணக்கு தலைகீழ். கன்வஸில் காற்றுப் போகும், சவர்க்காரம் போட்டுக் கழுவலாம், ஒரே வெயிலில் காயும், உப்புப் பூத்தால் தண்ணீரோடு போய்விடும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும் மதியத்தில் ஸ்வேட்டுக்குள் கால் வெந்துவிடும். தெருவில் நடப்பதற்கும் கடற்கரைக்கும் கன்வஸே போதும். ஸ்வேட்டுக்குக் காசு கூட்டிக் கொடுக்கத் தேவையில்லை.

பாடசாலை வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தோடு பழகலாமா என்றால், காலால் தள்ளி ஓடவும் திரும்பவும் நிற்கவும் பழகலாம். ஒல்லி தொடங்கும் நாளில் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். இரண்டு வாரத்தில் சின்னவிரல் வெளியே தெரியும் சப்பாத்தோடு பிள்ளை பாடசாலை போக முடியாது. அந்தச் செலவு பெற்றோர் தலையில் விழும்.

அடி இரண்டு வகை. ஒன்றில் மேற்பகுதியைச் சுற்றி றப்பர்ப் பட்டி ஒட்டி, முழுச் சப்பாத்தையும் சூட்டில் வேகவைத்து இறுக்குவார்கள். வல்கனைஸ் அடி என்பது அது. மெல்லியது, வளையும், பலகை எங்கே இருக்கிறது என்பது பாதத்துக்குத் தெரியும். மற்றது கிண்ண அடி. தனியாக வார்த்த றப்பர்க் கிண்ணத்துக்குள் மேற்பகுதியை வைத்து ஒட்டி, சுற்றிவரத் தைப்பது. கடையில் அடையாளம் காண்பது சுலபம்: அடியின் பக்கச்சுவரைச் சுற்றித் தையல் ஓடினால் கிண்ண அடி, தையல் இல்லாமல், மற்றக் காலைப் பார்க்கும் பக்கத்தில் பட்டி ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிய இடம் தெரிந்தால் வல்கனைஸ்.

பழகத் தொடங்குபவருக்கு வல்கனைஸ் அடிதான் எங்கள் தெரிவு. காலும் பலகையும் பேசிக்கொள்ளாமல் ஒல்லி வராது. படிக்கட்டிலிருந்தோ உயரமான திண்ணையிலிருந்தோ குதிப்பவருக்குக் கிண்ண அடி நல்லது. குதிக்கால் எலும்பில் விழும் அடி குறையும். வல்கனைஸ் அடியின் குறை இரண்டு. பெருவிரல் மடியும் இடத்தில் பட்டி பிரியும். மதிய வெயிலில் காபட் வீதியின் தார் 50 பாகை செல்சியசைத் தாண்டும்போது மெல்லிய அடி வழியே சூடு ஏறும். காலை ஏழு மணிக்குள்ளும் மாலை ஐந்துக்குப் பிறகும் ஓட்டினால் இரண்டாவது குறை போய்விடும்.

கிண்ண அடியில் ஒரு மறைந்த ஆபத்து இருக்கிறது. சிலவற்றின் நடுவில் பொலியூரத்தேன் பஞ்சு வைப்பார்கள். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அது அணியாமல் பெட்டியில் இருந்தாலும் சில வருடங்களில் பிட்டுப்போல உதிரும். கிழக்குக் கரையில் அதற்கு வேண்டிய ஈரமும் வெப்பமும் தாராளம். பழைய இருப்பை அரை விலைக்குத் தருகிறார்கள் என்றால் பக்கச்சுவரைப் பெருவிரலால் பலமாக அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ, நுண்ணிய வெடிப்புத் தெரிந்தாலோ விட்டுவிடுங்கள். ஈவிஏ என்ற மற்ற வகைப் பஞ்சுக்கு இந்த வியாதி இல்லை. அது காலப்போக்கில் அமுங்கித் தட்டையாகும், அவ்வளவுதான்.

பெயரை ஒட்டிய நகல்கள் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அணிந்து நடப்பதற்கு அவற்றில் பெரிய குறை இல்லை. ஓட்டுவதற்கு ஆகாது, ஏனென்றால் பலதில் அடி றப்பர் அல்ல, பிவிசி என்ற பிளாஸ்டிக். கடைத் தரையில் மாபிளோ ரைல்ஸோ இருந்தால் சப்பாத்தைக் கையில் பிடித்து அழுத்தித் தள்ளுங்கள்: றப்பர் கீச்சிட்டு நிற்கும், பிவிசி வழுக்கிப் போகும். ஸ்வேட் உண்மையா என்று பார்க்க விரலை ஒரு திசையில் இழுங்கள். உண்மைத் தோலில் நிறம் மாறிக் கோடு விழும், எதிர்த்திசையில் இழுத்தால் மறையும். பிளாஸ்டிக் மேல் பொடி தூவிய போலியில் பெரும்பாலும் கோடு விழாது, அல்லது நகம் பட்ட இடம் பளபளக்கும்.

அளவு: இணையத்தில் எடுப்பவர் யூகே, யூஎஸ் இலக்கங்களை நம்பாமல் சென்டிமீற்றரைப் பாருங்கள். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், குதியைச் சுவரில் முட்டித் தாள் மேல் நின்று நீண்ட விரல் வரை அளந்து அரை சென்டிமீற்றர் கூட்டுங்கள். 27 சென்டிமீற்றர் என்றால் வான்ஸில் அது யூகே 8, யூஎஸ் 9. ஓட்டுவதற்குச் சற்று இறுக்கமே நல்லது. ஸ்வேட் இரண்டு வாரத்தில் தளரும்.

ஆயுளைக் கூட்ட ஒரு வழி உண்டு. ஓட்டை விழும்வரை காத்திருக்காமல், ஸ்வேட்டின் மயிர் தேய்ந்து வழுவழுப்பாகும்போதே அந்த இடத்தை உப்புத்தாளால் லேசாக உரசி, றப்பர் போலக் காயும் சப்பாத்துப் பசையை இரண்டு மில்லிமீற்றர் தடிப்பில் பூசி, ஒரு முழுநாள் காயவிடுங்கள். சூப்பர் குளூ வேண்டாம். அது கண்ணாடிபோல இறுகி, கால் மடியும்போது வெடித்துத் தோலையும் சேர்த்துக் கிழிக்கும். சைக்கிள் ரியூப் துண்டு ஒட்டுவதானால் உட்புறத்தில் ஒட்டுங்கள். வெளியே ஒட்டினால் கிரிப் டேப்பில் கால் இழுபடாமல் கவ்விக்கொள்ளும், ஒல்லி பாதியில் நின்றுவிடும்.

களிசான்: எடுப்பதா, தைப்பதா

அகலக் களிசானின் கதையும் வேலைத்தலத்தில்தான் தொடங்குகிறது. டிக்கீஸ் 874 என்ற களிசான் 1967இல் தொழிலாளருக்காக வந்தது. 65 வீதம் பொலியெஸ்டர், 35 வீதம் பருத்தி, சதுர யாருக்கு 8.5 அவுன்ஸ் எடையுள்ள ட்வில் (சாய்வரி நெசவு) துணி. விலை குறைவு, கிழியாது, எங்கும் கிடைக்கும். வாரம் ஒருமுறை விழுந்து களிசானைக் கிழிக்கும் ஓட்டுநர்களுக்கு வேறென்ன வேண்டும்? முழங்காலை மடக்கிக் குந்தவும், கால் விரித்துத் தாவவும் இடம் வேண்டும் என்பதால் இடுப்பளவுக்கு மேல் ஒன்றிரண்டு அளவு பெரிதாக எடுத்தார்கள். இடுப்பில் பெல்ட்டுக்குப் பதில் சப்பாத்துக் கயிறு கட்டினார்கள். விழும்போது இரும்பு வளையம் வயிற்றில் குத்தாது. இன்றும் அதைவிட நல்ல யோசனை இல்லை.

இங்கே தெரிவு நான்கு. ஜீன்ஸ் தடித்தது, உரசலைத் தாங்கும். ஆனால் 12 முதல் 14 அவுன்ஸ் டெனிம் வியர்வையில் நனைந்தால் தொடையில் ஒட்டும், மாரியில் காய இரண்டு நாள் எடுக்கும். பொலியெஸ்டர் கலந்த வேலைக் களிசான் சீக்கிரம் காயும், சுருங்காது. கச்சான் வெயிலில் உள்ளே புழுங்கும், கொங்கிறீற்றில் வேகமாகச் சறுக்கினால் உரசிய இடம் உருகிப் பளபளக்கும். மெல்லிய ஜொகர் வகை குளிர்ச்சி. முதல் தடவை விழும்போதே முழங்கால் துணி போய்விடும். நான்காவது, துணி எடுத்துத் தைப்பது. கல்முனை, காத்தான்குடி, மட்டக்களப்பு மூன்றிலும் துணிக்கடையும் தையல்காரரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது இதை விட்டுவிட்டு இறக்குமதிக் களிசானைத் தேடுவது வீண் அலைச்சல் என்பதே எங்கள் முடிவு.

துணி பருத்தி ட்வில்லாக, சதுர மீற்றருக்கு 240 முதல் 260 கிராம் வரை இருக்கட்டும். டிக்கீஸ் துணி ஏறத்தாழ 290 கிராம்; இந்த வெயிலுக்கு அது ஒரு படி கூடுதல். கடைக்காரரிடம் எடை கேட்டால் பெரும்பாலும் பதில் வராது, ஆனால் தராசு பதில் சொல்லும். 58 அங்குல அகலத் துணி ஒரு மீற்றர் சுமார் 370 கிராம் நிறுத்தால் 250 கிராம் துணி. 300க்குக் கீழே என்றால் சேட்டுக்கே ஆகும். 430ஐ நெருங்கினால் டிக்கீஸ் எடை. 600 என்றால் கையில் இருப்பது ஜீன்ஸ் துணி.

இடுப்பு 32 உள்ள ஒருவருக்கு அகலக் களிசானுக்கு ஒன்றரை மீற்றர், முழங்காலுக்கு இரட்டைத் துணி வைப்பதானால் ஒன்றேமுக்கால் மீற்றர் எடுங்கள். வெட்டக் கொடுக்குமுன் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போடுவது கட்டாயம். பருத்தி நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வீதம் சுருங்கும். 40 அங்குல நீளம் முதல் கழுவலிலேயே ஒன்றரை அங்குலம் ஏறிவிடும். தைத்த பிறகு அதைத் திருத்த வழியில்லை.

தையல்காரரிடம் சொல்ல வேண்டியவை இவை. இருப்பு அளவுக்கு (பின்புறத்தின் சுற்றளவு) மேல் ஆறு அங்குலம் தளர்வு. கீழ்வாய் தட்டையாக எட்டரை முதல் ஒன்பது அங்குலம். நீளம் சப்பாத்தின் மேல் வந்து நிற்க வேண்டும், குதிக்கு அடியில் போகக் கூடாது. குதியில் மிதிபடும் மடிப்பு ஒரு மாதத்தில் நூல் நூலாகும், சில்லில் சிக்கினால் ஆளைத் தள்ளும். உள்தொடைத் தையல் மூன்று வரிசை, பொலியெஸ்டர் நூல், 16ஆம் இலக்க ஊசி. பொக்கற் மூலைகளில் ஒரு சென்டிமீற்றர் நீளத்துக்கு மூன்று நான்கு தடவை போய்வந்து தைக்க வேண்டும். குந்தும்போது முதலில் விடுவது அந்த மூலை.

எல்லாவற்றிலும் முக்கியமானது கவடு. நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் சந்திக்கும் இடம் அது. கால் விரித்தால் இழுவை முழுவதும் அந்தப் புள்ளிக்கே போகும். அங்கே மூன்றரை அங்குலப் பக்கமுள்ள டைமன்ட் துண்டு ஒன்றை வைத்துத் தைத்தால் இழுவை நான்கு மூலைக்கும் பிரியும். ஆண்கள் களிசான் தைப்பவர் சிலர் ‘இது என்ன புதுப் பழக்கம்’ என்று தயங்குவார்கள். சல்வார் தைக்கும் கைக்கு இது புதிதல்ல. அவர்களிடம் கொடுத்தால் சொல்லி முடிக்குமுன் விளங்கிக்கொள்வார்கள். பலகை ஓட்ட விரும்பும் பெண் பிள்ளைகளுக்கும் இதே வெட்டு அப்படியே பொருந்தும். மேலே தொடை வரை வரும், பக்கங்களில் பிளவுள்ள பருத்திச் சட்டை போதும். முக்காடு அணிபவர் ஊசி குத்தாமல், தலையில் இழுத்துவிடும் பின்னல் துணியை எடுத்து நுனியைச் சட்டைக்குள் செருகிக்கொள்ளலாம். விழும்போது ஊசி ஆபத்து.

முழங்கால் இரட்டைத் துணி 12 அங்குல நீளம்; அதன் மேல்விளிம்பு முழங்கால் சில்லின் நடுவிலிருந்து நான்கு அங்குலம் மேலே. கீழ்விளிம்பை முழுக்க அடைத்துத் தைக்க வேண்டாம், இரு பக்கத்திலும் அரை அங்குலம் திறந்து விடச் சொல்லுங்கள். கல்லடிக் கரையில் விழுந்தெழுந்தால் இரண்டு துணிக்கும் நடுவில் மணல் சேரும். வெளியேற வழியில்லாத மணல் உள்ளிருந்தே துணியை அரைக்கும்.

அளவு பார்க்கும்போது கண்ணாடி முன் நிற்பதோடு முடிக்காதீர்கள். குதி நிலத்தில் பதிய முழுக்கக் குந்துங்கள். பின்னிடுப்பு கீழே வழுகினால் பின்பகுதி உயரம் ஒரு அங்குலம் போதாது. முழங்காலில் துணி இறுகினால் தொடையில் தளர்வு போதாது.

ஏற்றுமதி மீதியாக வரும் களிசான்கள் நல்ல துணியில் குறைந்த விலைக்குக் கிடைக்கலாம். கால்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்து நீளம் பாருங்கள். பக்கத் தையல் முன்பக்கம் முறுகி வருகிறதா, இரண்டு காலும் ஒரே நிறமா என்பதை வெயிலில் பாருங்கள். கடை விளக்கில் நிற வேறுபாடு தெரியாது.

மேலே போடுவது

இங்கே அதிகம் செலவிடத் தேவையில்லை. சதுர மீற்றருக்கு 180 கிராமுக்கு மேற்பட்ட பருத்தி ரீசேட், தோள் தையல் சற்று இறங்கியது, போதும். ஹூடி கலிபோர்னியாவின் குளிர் மாலைக்கு உரியது. முழங்கை உரசலையும் கொஞ்சம் தாங்கும். இங்கே அதை நியாயப்படுத்த மார்கழி இரவு மட்டும்தான் இருக்கிறது. கம்பளித் தொப்பியும் அப்படியே. தொப்பி எதுவும் தலைக்கவசம் ஆகாது. பலகை ஓட்டுபவர் ஏஎஸ்டிஎம் எஃப் 1492 அல்லது ஈஎன் 1078 என்ற பாதுகாப்புத் தர இலக்கம் உள்ளே அச்சிட்ட கவசம் எடுக்க வேண்டும்.

கட்டம் போட்ட தடித்த ஃபிளனல் சேட்டும் இந்த உடுப்பின் அடையாளங்களில் ஒன்று. அதற்கு மருதமுனையில் பதில் இருக்கிறது. அங்கே தறியில் நெய்யும் கட்டச் சாரத்துணி ஃபிளனலைவிட எடை குறைவு, காற்றுப் போகும், கட்டமும் அழகு. இரண்டு மீற்றரில் தளர்வான கட்டைக்கை சேட் ஒன்று வரும்; முன்பக்கக் கட்டங்கள் பொருந்த வேண்டுமானால் இன்னும் 20 சென்டிமீற்றர் எடுங்கள். முதல் முறை தனியே ஊறவையுங்கள், சாயம் போகலாம். களிசானுக்கு இந்தத் துணி ஆகாது. முழங்காலில் ஒரு நாள் தாங்காது.

காசு கொஞ்சமாக இருந்தால் ஓட்டுபவர் எல்லாவற்றையும் சப்பாத்திலும் கவசத்திலும் போடுங்கள். இருக்கிற பழைய களிசானுக்கு முழங்கால் துண்டும் கவட்டுத் துண்டும் வைத்துக்கொள்ளலாம். ஓட்டாதவர் தைத்த களிசானில் போடுங்கள், கன்வஸோடு நிறுத்துங்கள்.

மாரி தொடங்கினால் ஸ்வேட்டை அலமாரியின் அடித்தட்டில் விடாதீர்கள், ஒரே வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். நனைந்த சப்பாத்தின் உள்பாதத்தைக் கழற்றி, உள்ளே பத்திரிகைத் தாள் திணித்து, தாளை இரண்டு மூன்று மணிக்கொருமுறை மாற்றி, விசிறிக் காற்றில் காயவையுங்கள். அடுப்படிச் சூடும் நேர் வெயிலும் தோலைப் பலகையாக்கிவிடும். காய்ந்த பின் பழைய பல் தூரிகையால் மயிரை எழுப்புங்கள். உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தால் வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் நனைத்துத் தட்டித் தட்டி எடுத்து, மறுபடியும் விசிறிக்குக் கீழே வையுங்கள்.